வெறும் சவிரி

அன்று நாங்கள் வைன் செய்யும் அந்த யூனிற்றில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், அருள்நாயகம், வயது எழுபத்தாறு. என் மனைவி அன்ரனெற், வயது எழுபத்தொன்று. எங்கள் மகன் கிளிபோட், முப்பத்தொன்பது. அவனுடைய மனைவி செரீனா, முப்பத்தைந்து. பதினொன்றே காலுக்குச் செரீனா கோயில் மண்டபத்துக் கதிரைகளை எடுத்துவரப் போய்விட்டாள். ஆகவே சரியாகச் சொன்னால் மூன்று பேர். கூரியர்க்காரன் காலையிலேயே வந்துபோய்விட்டான். வேறு ஒருவரும் வரவில்லை.

முன்பு பொலிசாராகிய உங்களிடம் வாக்குமூலம் தந்தபோது, தேத்தண்ணிக்காகக் கரண்ட் கேத்திலைப் போட்டேன் என்று சொன்னேன். அதில் ஒரு திருத்தம் உண்டு. நான் காலை பத்து மணிக்கு ஒரு தேத்தண்ணி குடிப்பேன். பிறகு பின்னேரம் நாலு மணிக்கு. இடையில் குடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அன்ரனெற்றைக் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவளுக்கு நினைவு தவறிவிட்டது என்று குறித்துக்கொண்டு நீங்கள் அவளை விட்டுவிட்டீர்கள். நினைவு தவறுவது உண்மைதான். எல்லா நேரமும் தவறுவதில்லை.

இதைத் தமிழில் எழுதுகிறேன். போன தடவை தொலைபேசியில் மொழிபெயர்த்த பிள்ளை கெட்டிக்காரி. ஆனால் சில சொற்களுக்கு ஆங்கிலத்துக்குப் போனவுடன் மதிப்புக் கூடிவிடுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் நடந்தது விளங்கும். நான் கனடாவுக்கு வந்த பிறகு இருபத்தாறு வருடம் ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டு நிலவறையில் திராட்சையை மிதித்து வைன் செய்து பார்த்தேன். அதை வாயில் வைத்துப் பார்த்த கிளிபோட் இரண்டு நாள் அதையே திரும்பத் திரும்ப முகர்ந்து பார்த்தான். மூன்றாம் நாள் வந்து, "அப்பா, நான் வேலையை விடப்போறன்," என்றான். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பின்பக்கம், ரயர் கடைக்கும் ரோல்ஸ் பொரிக்கும் கேற்றரிங் சமையலறைக்கும் நடுவில், ஒரு யூனிற் எடுத்தோம். பழம் நயாகராவிலிருந்து லொறியில் வரும். காலால் மிதிப்போம். மற்றவர்கள் சாற்றைப் பொங்கவைக்கப் பக்கற்றில் விற்கும் ஈஸ்ற்றை வாங்கிப் போடுவார்கள். நாங்கள் போடுவதில்லை. போன வருடத்துப் பீப்பாயைக் கழுவாமல், அடியில் கிடக்கும் மண்டியில் புதுச் சாற்றை ஊற்றுவோம். அது தானாகப் பொங்கும். மருந்து இல்லை, சீனி இல்லை, வடிகட்டுவதும் இல்லை. ஒன்றும் சேர்ப்பதில்லை, ஒன்றும் எடுப்பதில்லை என்று வருகிறவர்களுக்கு நான் சொல்வேன்.

இதை எங்கே பழகினீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். என் தகப்பனார் மன்னாரில் மிஷன் பாதிரிமாருக்குப் பூசை வைன் செய்து கொடுத்தவர் என்பேன். எங்கள் பங்குக் கோயிலில் இன்றும் பூசைக்கு எங்கள் வைன்தான் வைக்கிறார்கள். செரீனாவின் தகப்பன் மரியரட்ணம் றிச்மண்ட் ஹில்லில் பெரிய வீடு வைத்திருப்பவர். கலியாணம் பேச வந்தபோது சோபாவின் நுனியில் இருந்துகொண்டு, "ஊரில எந்தப் பக்கம், அண்ணை?" என்று கேட்டார். எங்கள் சனத்தில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் வேறு. அவர் கேட்டது சாதி. நான் ஒரு கிளாஸ் வைனை ஊற்றிக் கொடுத்துப் பூசை வைன் கதையைச் சொன்னேன். "பாதிரிமார் குடிச்ச வைன் எண்டா சும்மாவே," என்று சிரித்தார். பிறகு கேட்கவில்லை.

என் தகப்பன் மன்னாரைக் கண்டதே இல்லை. யாழ்ப்பாணத்தில் பனை ஏறிக் கள்ளுச் சீவியவர். பெயர் சவிரிமுத்து. கள்ளுச் சேரும் மண்முட்டியைக் கழுவாமல் அடி மண்டியோடு மரத்தில் கட்டினால் கள்ளு கெதியாகப் புளிக்கும். எனக்குத் தெரிந்த வைன் வித்தை அவ்வளவுதான். பத்தொன்பது வயதில் வவுனியாவில் ஒரு கடையில் வேலைக்குப் போனேன். அங்கே முதல் ஆள் ஊர் எது என்று கேட்டபோது மன்னார் என்று சொன்னேன். அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல ஒரு வசதியும் கிடைக்கவில்லை. அன்ரனெற்றுக்குத் தெரியும். அவள் எங்கள் பக்கத்துப் பெண். ஐந்து வயதில் கனடாவுக்கு வந்த பிள்ளைக்கு அவளும் சொல்லவில்லை. நான் சொல்லக்கூடாது என்று கேட்டிருந்தேன்.

போன செப்டெம்பரில் முதல் தொட்டி பொங்கத் தொடங்கியது. அன்ரனெற்றை வீட்டில் தனியே விட முடியாது என்பதால் யூனிற்றில் ஜன்னலோரம் ஒரு கதிரையில் இருத்துவோம். நுரை எழும்பி வாசம் வந்ததும் அவள் முகம் தெளிந்தது. "மாமாட முட்டி மாதிரி மணக்குது," என்றாள்.

"எந்த மாமா, அம்மா?" என்று கிளிபோட் கேட்டான்.

"அவளுக்கு நினைவு பிசகிப்போச்சு. நீ வேலையைப் பார்," என்றேன்.

அவன் வேலையைப் பார்த்தான். மத்தியானங்களில் தாய்க்குச் சோறு ஊட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டிருக்கிறான். நான் அதைக் கவனிக்கவில்லை. அது என் பிழை.

ஒக்ரோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை. அந்த வார ஞாயிறு, போன வருடத்து வைனை முதல் தடவையாகத் திறப்பதாக ஏற்பாடு. ஃபாதர் வந்து ஆசீர்வதிப்பார், மரியரட்ணம் குடும்பத்தோடு வருவார், மண்டபத்துக் கதிரைகளில் நாற்பது பேர் இருப்பார்கள். காலை ஒன்பதரைக்குக் கூரியரில் லேபல் வந்தது. கிளிபோட்டும் செரீனாவும் என்னை அன்ரனெற்றோடு முன்பக்கம் இருக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ச் சிரித்துச் சிரித்து ஏதோ செய்தார்கள். பத்தரைக்குக் கிளிபோட் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தான்.

"அப்பா, கண்ணை மூடுங்கோ."

"எனக்கென்ன, பிறந்தநாளே?"

"மூடுங்கோவன்."

மூடித் திறந்தேன். போத்தலில் கறுப்புக் கோட்டில் ஒரு பனை. அதில் பாதியில் ஒரு மனிதன், காலில் மரமேறும் தளநார், இடுப்பில் முட்டி. கீழே பெரிய எழுத்தில் "சவிரி" என்று இருந்தது. அதன்கீழ் அதே பெயர் ஆங்கிலத்தில். பின்பக்கம் மூன்று வரி. "சவிரி என் அப்பாவின் அப்பா. பனை ஏறிக் கள்ளு இறக்கியவர். ஒன்றும் சேர்க்காமல் புளிக்கவிடும் கலை எங்களுக்கு அவர் தந்தது."

படம் நன்றாக வரையப்பட்டிருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"அம்மா."

"அம்மாவுக்கு நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லை."

"அது நினைவில்லைத்தான். இது நினைவிருக்கு. அப்பு விடியக்காலமை எந்த மரத்தில முதல் ஏறுறவர் எண்டுகூடச் சொன்னவா."

"ஏன் வெறும் சவிரி? முழுப்பேர் சவிரிமுத்து."

"சுருக்கிப் போட்டது, அப்பா. சவிரி எண்டா நல்லா நிக்கும். ஒருக்காக் கேட்ட ஆள் மறக்காது."

மறக்காது என்பது எனக்குத் தெரியும். எனக்குப் பதினொரு வயதில் அப்புவுக்கு, அதாவது என் தகப்பனுக்கு, சாப்பாடு கொண்டுபோனபோது ஒரு வளவுக்குள் நின்றேன். அந்த வீட்டுப் பையனுக்கு என்னிலும் வயது குறைவு. படலையில் தொங்கிக்கொண்டு, "டேய் சவிரி, கெதியா இறங்கடா, ஐயா கேக்கிறார்," என்று மேலே பார்த்துக் கத்தினான். அப்பு, "இந்தா வாறன், தம்பி," என்று பணிவாகச் சொன்னார். ஊரில் அவரைச் சவிரிமுத்து என்று கூப்பிட்டவர்கள் இரண்டு பேர்தான். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் ஒருவர், அடக்கம் செய்த பாதிரியார் மற்றவர். மற்ற எல்லாருக்கும் அவர் வெறும் சவிரி. அந்த மூன்று எழுத்தை நான் ஐம்பத்தேழு வருடம் ஓரிடத்திலும் உச்சரிக்கவில்லை. என் மகன் அதை ஆயிரத்து இருநூறு பிரதி அச்சடித்திருந்தான்.

"ஞாயிறு இதை வைக்காதை," என்றேன்.

"ஏன்? ஃபாதர் வாறார், மாமா வாறார். அவைக்கு முன்னால நான் இதை வாசிக்கப்போறன். நாளைக்கு வெப்சைற்றிலயும் போடுறன்."

"மரியரட்ணம் என்ன நினைப்பார்?"

"என்னத்தை நினைக்கிறது? அப்பா, இஞ்ச அதுக்குப் பேர் பாம் வைன், பனை வைன். சனம் கை தட்டும்." அவன் என் தோளில் கை வைத்தான். "நீங்கள் இவ்வளவு காலமும் ஒளிச்சு வைச்சது வெக்கப்படுற சாமானே இல்லை. இட்ஸ் த பெஸ்ற் திங் வீ ஹாவ்."

செரீனாவும் வந்து நின்றாள். "மாமா, கோவிக்காதேங்கோ. எனக்கு வடிவாப் பிடிச்சிருக்கு," என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

கிளிபோட் ஒரு லேபலை உரித்துத் தன் ரீசேர்ட்டின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு தாயின் முன்னால் போய்க் குந்தினான். "அம்மா, இது ஆர்?"

அன்ரனெற் விரலால் அந்த மனிதனைத் தொட்டாள். பிறகு கதிரையின் கைப்பிடியைப் பிடித்து எழும்பி நின்றாள். மாமனார் வந்தால் அவள் எழும்பித்தான் நிற்பாள். செரீனா கண்ணைத் துடைத்தாள். நான் மேசையில் இருந்த போத்தல்களை எண்ணினேன். அறுபது ஒட்டியாகிவிட்டிருந்தது.

அன்று இரண்டாம் தொட்டியின் சக்கை அள்ள வேண்டியிருந்தது. அது ஏழடி ஆழமான சீமெந்துத் தொட்டி, மேலே மட்டும் வாய். வைனை வடித்தெடுத்த பிறகு தோலும் விதையும் அடியில் கிடக்கும். ஒருவர் ஏணியால் இறங்கிச் சவளால் வாளியில் அள்ள, மேலே நிற்பவர் கப்பியால் இழுக்க வேண்டும். புளிக்கும் சக்கையிலிருந்து வரும் காற்று கனமானது. கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைப் போலப் பள்ளத்தில் தங்கும். அதற்குள் நிற்பவன் கொஞ்ச நேரத்தில் விழுவான். ஆகவே சில விதிகள் உண்டு. ஒரு மணித்தியாலம் முதலே ஃபானைப் போட்டுக் குழாயால் நல்ல காற்றை உள்ளே விடவேண்டும். மெழுகுதிரியைக் கயிற்றில் கட்டி இறக்கி, அணையாவிட்டால்தான் ஆள் இறங்கலாம். ஆள் உள்ளே இருக்கும் வரை ஃபான் நிற்கக்கூடாது. மேலே நிற்பவர் அசையக்கூடாது. உள்ளே இருப்பவர் விழுந்தால் மேலே நிற்பவர் இறங்கவும் கூடாது. இறங்கினால் இரண்டு பிணம். கெட்ட காற்றைக் கண்டால் அலறும் ஒரு அலாரமும் கிளிபோட் வாங்கி வைத்திருந்தான். இறங்குமுன் நான்தான் அதை அவனுடைய பெல்ற்றில் மாட்டிவிடுவேன். அன்று அது ஆணியில் தொங்கியது. அவன் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசிக்கொண்டே இறங்கினான். நான் நினைவூட்டவில்லை.

இன்னொரு விதி கிளிபோட்டின் கையெழுத்தில் சுவரில் ஒட்டியிருந்தது. "தொட்டிக்குள் ஆள் நிற்கும்போது கேத்தில் போடக்கூடாது." யூனிற்றின் அந்தப் பக்கத்து வயர் பழையது. ஃபானும் கேத்திலும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றுவிடும். அதை எழுதியதே எனக்காகத்தான். முந்தின வருடம் நான் தேத்தண்ணி போட்டு ஒருதடவை விழுத்தியிருந்தேன். அப்போது தொட்டிக்குள் ஒருவரும் இல்லை. இந்தத் தாளைப் பார்த்துத்தான், கிழவன் மறந்துவிட்டான் என்று நீங்கள் முடிவெடுத்தீர்கள்.

செரீனா போகும்போது, "மாமா, இவர் உள்ளுக்க நிக்கேக்க நீங்கள் அங்கால இங்கால போகக்கூடாது," என்றாள்.

"ஓம், பிள்ளை," என்றேன்.

பதினொன்று இருபதுக்கு அவன் இறங்கினான். மெழுகுதிரி அணையவில்லை. நான் மூன்று அரைவாளி இழுத்தேன்.

"அப்பா, கோவமே?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"இல்லை."

"பிறகு ஏன் பேசாமல் நிக்கிறியள்?"

"இழுக்கிறன்."

"ஞாயிறு முதல் போத்தல் நீங்கள்தான் திறக்கோணும். ஃபாதரும் இல்லை, மாமாவும் இல்லை. நீங்கள்."

நான்காவது வாளி நிரம்பச் சுணங்கும் போல இருந்தது. நான் மேசைக்குப் போனேன். ஒரு லேபலை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். நல்ல பசை, கிழிந்து வந்தது. சவிரியில் "ச" மட்டும் போத்தலிலேயே நின்றது. வெந்நீர் இருந்தால் முழுதாக உரியும் என்று தொழிற்சாலையில் வேலை செய்தவனுக்குத் தெரியும். கேத்திலை நிரப்பிச் சுவிச்சைப் போட்டேன். அந்த நேரத்தில் எனக்குச் சுவரிலிருந்த தாள் நினைவில் இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். தாள் என் கண்ணுக்கு நேரே இருந்தது.

பிரேக்கர் விழுந்தது. லைற் அணைந்தது, ஃபான் நின்றது, வைன் குளிர்ப்பெட்டியின் இரைச்சலும் நின்றது.

"இஞ்சாருங்கோ, ஃபான் நிண்டிட்டுது," என்றாள் அன்ரனெற்.

"ஓம், தெரியும்."

பிரேக்கர் பெட்டிக்குப் போனேன். அப்படியே மேலே தள்ளினால் இரண்டும் ஓடித் திரும்ப விழும். முதலில் ஒன்றைக் கழற்ற வேண்டும். இரண்டு பிளக் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் கழற்றியது ஃபானுடையது. பிறகு பிரேக்கரைத் தள்ளினேன். லைற் வந்தது, குளிர்ப்பெட்டி இரையத் தொடங்கியது. தொட்டிக்குள் இருப்பவனுக்கு அந்த இரைச்சலும் ஃபானின் இரைச்சலும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

"கரண்ட் போட்டுதே, அப்பா?"

"வந்திட்டுது," என்றேன்.

கரண்ட் வந்துதான் இருந்தது. அவன் திரும்பச் சவளை எடுத்தான். என் சொல்லை அவன் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. பூசை வைன் கதையைக்கூடத் தாய் வாய் திறக்கும் வரை சந்தேகிக்கவில்லை.

கேத்தில் கொதிக்க நாலு நிமிடம் எடுக்கும். முதல் தண்ணீரைப் போத்தல் கழுவும் பேசினில் ஊற்றிப் போத்தல்களை அடுக்கினேன். ஒவ்வொன்றாக லேபல் கழன்று மிதந்தது. இரண்டாவது கொதித்துக்கொண்டிருக்கும்போது சவள் சீமெந்தில் விழும் சத்தம் கேட்டது. பிறகு "அப்பா" என்று ஒருதரம். கத்தவில்லை. சின்ன வயதில் பனிக்காலச் சப்பாத்தின் கயிற்றைக் கட்டிவிடக் கூப்பிடும் அதே அளவு சத்தம்.

"பிள்ளை கூப்பிடுறான்," என்றாள் அன்ரனெற்.

"வாறன்," என்றேன்.

அவனைக் கொல்ல நினைத்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் ஒழுங்காக யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதல் கேத்தில் கொதிக்கும்போது லேபலைப் பற்றி மட்டுமே நினைத்தேன். இரண்டாவது கொதிக்கும்போது, இதெல்லாம் உரிந்தாலும் அச்சகத்தில் படம் இருக்கிறது, நாளைக்கே திருப்பி அடிக்கலாம் என்று நினைத்தேன். அடிக்கச் சொல்ல ஒருவன் வேண்டும். செரீனா தகப்பனுக்குப் பயந்தவள், தனியாகச் செய்யமாட்டாள். அப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கையில் தண்ணீர் கொதித்துவிட்டது. அதை ஊற்றிவிட்டு மூன்றாவது தடவையும் கேத்திலை நிரப்பினேன். இதுதான் என் ஒப்புதல். மற்றதெல்லாம் விபரம்.

அறுபது போத்தலும் லேபலில்லாமல் வெறுமையான பிறகு தொட்டியின் வாய்க்குப் போனேன். அவன் சக்கையின்மேல் மல்லாந்து கிடந்தான். நித்திரை கொள்வதுபோலத்தான். கால் இரண்டும் முழங்கால் வரை ஊதா. ஒவ்வொரு வருடமும் டிசெம்பரில் நத்தார் வரை அந்த நிறம் அவன் நகக்கண்ணில் நிற்கும், செரீனா அதைச் சொல்லிச் சிரிப்பாள். நெஞ்சில் லேபல் அப்படியே இருந்தது. பனையில் நின்ற மனிதன் என்னைப் பார்த்தபடி இருந்தான். நான் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். எட்டவில்லை. மகனுக்காகவா லேபலுக்காகவா கையை நீட்டினேன் என்று என்னால் இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இறங்கக்கூடாது என்பது விதி. நான் இறங்கவில்லை.

கேத்திலைக் கழற்றிவிட்டு ஃபானைச் செருகினேன். பிறகு அவசரத் தொலைபேசி எடுத்தேன். உங்கள் பதிவில் பதினொன்று ஐம்பத்தெட்டு என்று இருக்கும். தீயணைப்புப் படையினர் அவனைக் கட்டித் தூக்கி வெளியே எடுத்தபோது கோயில் கதிரைகளோடு செரீனா வந்து இறங்கினாள். பக்கத்துச் சமையலறைப் பெண்கள், ரயர் கடைக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால், நெஞ்சில் சவிரி என்ற பெயரோடுதான் என் மகன் போனான்.

அன்று பின்னேரம் உங்கள் அதிகாரி ஒருவர் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, சேர்ட்டில் இருந்த படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். அவர் எதற்கு மரத்தில் ஏறுகிறார் என்று கேட்டார். கள்ளு இறக்க என்றேன். அந்தப் பிள்ளை அதைப் பாம் வைன் என்று மொழிபெயர்த்தாள். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். "மூன்று தலைமுறையாக வைன் செய்யும் குடும்பமா, மிகவும் வருந்துகிறேன் என்று சொல்கிறார், ஐயா," என்றாள் அவள். நான் தலையாட்டினேன். ஐம்பது வருடத்துக்கு மேலாக நான் கட்டிக் காத்த பொய்யை அவர் ஒரு நிமிடத்தில் உண்மையாக்கித் தந்துவிட்டார். மகன் சொன்னதும் அதுதான்.

செரீனா அடுத்தநாள் பேசினைப் பார்த்துவிட்டு, "மாமா, ஏன் லேபல் எல்லாம் உரிஞ்சு கிடக்கு?" என்று கேட்டாள்.

"எழுத்துப் பிழை. முழுப்பேர் சவிரிமுத்து," என்றேன்.

அவள் ஈரமான லேபல் ஒன்றைத் தண்ணீரிலிருந்து எடுத்து உள்ளங்கையில் விரித்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சவப்பெட்டிக்குள் அவன் கைக்குக் கீழே அவள் எதையோ வைத்ததைக் கண்டேன். கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு மரியரட்ணம் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார். "அண்ணை, செரீனா சவிரியைப் பற்றி எல்லாம் சொன்னவள். எனக்கு அது கலியாணத்துக்கு முதலே தெரியும். விசாரிக்காமலே பொம்பிளை குடுத்தனான்? நீங்கள் வைனை ஊத்தித் தந்து கதை விடேக்க எனக்குச் சிரிப்பு வந்தது. பெடியன் தங்கம், எனக்கு அது போதும்," என்றார். சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆறுதலுக்காக அப்படிச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு விதமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

அன்ரனெற்றுக்கு மகன் இறந்தது நினைவில் நிற்பதில்லை. நினைவில் நிற்பது வேறு. ஒவ்வொரு நாளும், பெரும்பாலும் மத்தியானத்தில், "பிள்ளை கூப்பிட்டவன், போனீங்களே?" என்று கேட்கிறாள். போனேன் என்று சொல்கிறேன். "என்னவாம்?" என்கிறாள். அதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு பதில் தேட வேண்டியிருக்கிறது. நேற்று, கயிற்றைக் கட்டிவிடச் சொன்னான் என்றேன். சிரித்தாள்.

இவ்வளவு காலம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கார்த் தரிப்பிடத்தில் இரண்டு பேர் என்னைக் காணாமல் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அருள்நாயகத்தின் மகன் குடிவெறியில் தொட்டிக்குள் விழுந்து செத்தான், தொழிலே அதுதானே, வேறென்ன நடக்கும் என்று ஒருவர் சொன்னார். பிளாசாவிலும் அப்படித்தான் கதை என்றார் மற்றவர்.

அது பொய். மருத்துவ அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், இரத்தத்தில் மது இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது, நீங்களே பார்க்கலாம். கிளிபோட் வைனை வாயில் வைத்துப் பார்த்துத் துப்புவான், விழுங்கமாட்டான். அப்புவும் அப்படித்தான். சவிரி முப்பது வருடம் கள்ளு இறக்கினார், ஒரு மிடறு குடித்தது கிடையாது. என் மகன் வெறியில் விழவில்லை. எங்கள் குடும்பத்தில் குடிகாரர் ஒருவரும் இல்லை. எங்களுக்கு எந்தக் காலத்திலும் ஒரு கெட்ட பெயர் இருந்ததில்லை.